அருவியை நிறுத்தும் நேரம்

இந்த ஊரில் மலை என்பது
மூச்சு வாங்குமுன் முடிந்துவிடும்.
புக்கிட் தீமா உச்சிவரை போய்
"இவ்வளவுதானா" என்று இறங்கி வந்தவர்களை
என் பேருந்தில் எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறேன்.

அதனால் ஒரு மலையைக் கட்டினார்கள்,
கடலைத் தூர்த்த மண்ணில்,
மேலே கண்ணாடியைக் கவிழ்த்து, உள்ளே குளிரூட்டி.
அதன் தோளிலிருந்து ஓர் அருவியையும் விழவிட்டார்கள்.

வேணிக்கு அதைப் பார்க்க வேண்டுமாம்.
பார்க்க இல்லை, கேட்க
என்று திருத்தினாள்.

காதுக்குப் பின்னால் கருவி வைத்துப் பதினோரு மாதம்.
முதல் வாரம் என் குரலை
தகர டப்பாவுக்குள் வாத்து என்றாள்.
இருபத்தாறு வருடம் கூடவே படுத்து எழுந்தவன்,
வாத்து.
பிறகு மெல்ல மெல்ல மனிதனானேன்.
மைனா மைனாவானது.
மின்தூக்கியில் மாடி சொல்லும் பெண்
சளி நீங்கித் தெளிவானாள்.

தண்ணீர் மட்டும் திரும்பி வரவில்லை.
குழாயைத் திறந்தால் யாரோ அரிசி புடைக்கிறார்கள்.
மழை பெய்தால் எண்ணெயில் அப்பளம்.
ஈரச்சந்தையில் மீன்காரர் தரையைக் கழுவினால்
துணி கிழிகிறது, நீளமாக, முடிவில்லாமல்.
பழைய தண்ணீர் அவளுக்கு நினைவிருந்தது.
அதுதான் தொல்லை.

கதவு திறந்ததும்
முகத்தில் பொடிச்சாரல்.
வேணி சட்டென்று கருவியைக் கழற்றிக்
கைக்குட்டையில் சுற்றினாள்.
நனையக் கூடாது என்றாள்.
இன்னொரு காரணம் அவள் புருவத்தில் இருந்தது.

நான் கத்தினேன். அவள் உதட்டைப் படித்தாள்.
பக்கத்தில் ஒரு சீனத் தம்பதி
கத்தினார்கள், உதட்டைப் படித்தார்கள்.
பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியை,
மூன்று காலில் கேமரா நிறுத்திய வெள்ளைக்காரர்,
எல்லாரும் கையை ஆட்டி, வாயைக் கோணி.
பத்தொன்பது வருடம்
அவள் தனியாக இருந்த ஊருக்கு
அன்றைக்குக் கூட்டம் வந்திருந்தது.
வேணி எல்லாரையும் பார்த்தாள்.
வீட்டுக்காரி மாதிரி சிரித்தாள்.

பெரணிகள், பெயர்ப்பலகைகள், தொங்கு நடைபாதை.
என் முழங்கால் வலித்தது.
கூட்டம் வடிந்தது.
நீலச் சட்டை போட்ட நூர்தீன்
எங்களிடம் தமிழில் சொன்னார்:
"பம்பை நிறுத்தப் போறோம்.
நின்னு பாருங்க, யாரும் பாக்கறதில்ல."

அருவிக்கு வால் உண்டு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
உச்சியில் முதலில் வெறும் பாறை.
அதற்குக் கீழே
கடைசித் தண்ணீர் மட்டும்
கடைசிப் பேருந்தின் பின்விளக்குபோல்
திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தது.
தரையைத் தொட்டது. தீர்ந்தது.
சுவரில் குழாய்களின் வாய் தெரிந்தது.
கொஞ்சம் கூச்சமாக இருந்தது,
பல்செட்டைக் கழற்றியவரைப் பார்த்துவிட்டதுபோல்.

வேணி அப்போதுதான் கருவியை மாட்டினாள்.

எங்கோ ஓர் இலை
சேர்த்து வைத்திருந்ததை விட்டது.

அவள் திரும்பினாள், தவறான பக்கம்.
ஒற்றைக் கருவிக்குத் திசை தெரியாது.
இன்னொரு சொட்டு.
மறுபடி தவறான பக்கம்.
நான் கைகாட்டப் போனேன்,
விரலைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

"தண்ணி" என்றாள்.
யாரோ அவளைக் கேள்வி கேட்டதுபோல்.

நேரமாச்சு அக்கா என்றார் நூர்தீன்.

ரயிலில் அவள் ஒன்றும் பேசவில்லை.
புளோக்குக்குக் கீழே ஆளுக்கொரு கோப்பி ஓ.
வீட்டில் விளக்கணைத்துப் படுத்தபின்
சமையலறையில் சொட்டு.
வேண்டுமென்றே இறுக்காமல் விட்ட குழாய்.

தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவன் நான்.
எழுந்துபோய்
அடியில் ஒரு வாளியாவது இருக்கட்டும் என்று வைத்தேன்.
படுக்கையிலிருந்து குரல் வந்தது:
சத்தம் மாறிப்போச்சு,
அதை எடு.